எந்த மேரி?

“பழசு எதையும் நான் கேக்க மாட்டேன்.”

“இல்லங்க, ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன்...”

“வேணாம். நானும் அந்தப் பத்திரிகையப் பாத்தவன்தான். எங்க மாயவரத்துலயும் வந்துச்சு. மனுஷங்கன்னா முன்ன பின்ன இருக்கும். நம்ம வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வராது. மாதா மேல சத்தியம்.”

“உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு.”

“இன்னொண்ணு. மேரிங்கற பேரு இனிமே வேணாம். சலோமின்னே கூப்பிடறேன். என்ன?”

கல்யாணம் பேசி முடித்த அன்று, கொல்லைக் கிணற்றடியில் நின்று யாகப்பன் சொன்னது இது. மேரி சலோமி தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படியில் அம்மாவும் அழுதாள். ஊரே தூற்றிய பெண்ணுக்கு இப்படியொரு மாப்பிள்ளையா என்ற சந்தோஷ அழுகை.

அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆனது. அவர் அவளை மன்னித்திருந்தார். அவள் செய்யாத ஒன்றுக்காக.

இந்தப் பழைய பேச்சு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு மறுபடி ஞாபகம் வந்தது. கிளப்பிவிட்டவள் அடுத்த வீட்டு அல்லி.

“அக்கா, இன்னிக்கு நாடகத்த விட்டுடாதீங்க,” என்று மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். “மந்திரி ஒருத்தரு, ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணோட மாட்டிக்கிட்டு நாறிப் போறாராம். எங்க அத்தை பொழுது சாயறதுக்குள்ள இடம் புடிக்க வந்துடுவாங்க பாருங்க.”

சுரக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்து அதிக நாள் ஆகாதவள் அல்லி. அவளுக்கு எதுவும் தெரியாது. சலோமியின் கையில் கெண்டை மீன் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

காரைக்கால் கோவில்பத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு டிவிதான். அது யாகப்பன் வாத்தியார் வீட்டில் இருந்தது. கொடைக்கானலிலிருந்து படம் வர ஆரம்பித்த பிறகு வாங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகத்துக்குக் கூடம் நிரம்பிவிடும். கதவைச் சாத்தவும் முடியாது, சாத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

அன்று யாகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“டிவி ரிப்பேர்னு சொல்லிடலாமா?”

“எதுக்கு?”

“சும்மாதான். எனக்குத் தலை வலிக்குது.”

“உங்களுக்குத் தலை வலிச்சா மாத்திரை தரேன். டிவி என்ன பண்ணுச்சு?”

அவர் செருப்பைக் கழற்றினார். இன்றைய நாடகத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசியிருப்பார்கள். அவருக்குத் தெரியும் என்று இவளுக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சு வீட்டுக்குள் வராமல் காக்க அவர் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

காரைக்காலில் பழைய ஆட்கள் நகராட்சி அலுவலகத்தை ‘மேரி’ என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன பெயர். கல்யாணத்துக்கு முன் அவள் அங்கே டைப்பிஸ்டாக இருந்தாள். பெரும்புயல் அடித்த இரவில், கூரை போனவர்கள் எல்லாம் மேரியின் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஓடு பறந்த வீட்டை விட்டு அவளும் அம்மாவும் அங்கேதான் ஓடினார்கள். எம்.எல்.ஏ. பாலகுரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஞ்சி அண்டாவைத் தூக்கி வந்தார். அவள் ஊற்றினாள். “அந்தப் பெரியவருக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா” என்றார். அவர் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

பிறகு எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டார்கள், ஜனம் செத்துக்கொண்டிருந்தபோது எம்.எல்.ஏ. எங்கே போனார் என்று. “ராத்திரி பூரா மேரியிலதான் இருந்தேன்” என்று பாலகுரு கூட்டம் போட்டுச் சொன்னார். மறுவாரம் எதிர்மேடையில் ஒரு பேச்சாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“மேரியில இருந்தாராம்யா! எந்த மேரி? கட்டடமா, கன்னியா?”

விசில் பறந்தது. மேரி என்ற பெயரில் மேரியிலேயே ஒரு டைப்பிஸ்ட் இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. வெறும் வார்த்தை விளையாட்டு என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துச் சொன்னது, பொங்கலுக்குள் நடந்த கதையாகிவிட்டது. வெளியூர் வாரப் பத்திரிகை ஒன்று அவள் படத்தோடு போட்டது. அவள் வீட்டுச் சுவரில் கரியால் எழுதினார்கள். பாலகுரு பதவியை விட்டார், அவள் வேலையை விட்டாள். பாலகுரு பிறகு ஒரு தேர்தலில் ஜெயித்து, மாலையும் மேளமுமாகத் திரும்பி வந்துவிட்டார். அவள் திரும்பி வருவதற்கு எந்தத் தேர்தலும் இல்லை.

ஊர் என்ன நினைத்தாலும் போகட்டும் என்று இப்போது விட்டுவிட்டாள். யாகப்பன் ஒருவர் கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் தானாகச் சொன்னால் அது சமாதானம் சொல்வதுபோல ஆகிவிடும். கேட்டுவிட்டு நம்பாமல் போனாலோ, இருக்கிற பிரியமும் போய்விடும். இந்தப் பயத்திலேயே இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் குஞ்சம்மா வந்து டிவிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அல்லியின் மாமியார். புயலன்று மேரியில் சலோமியின் புடவையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவள். அன்றிரவு எதுவும் நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகச் சொல்லவும் இல்லை. பஸ் கண்டக்டர் செல்லையன் காக்கிச் சட்டையோடு வந்து தூணில் சாய்ந்தான். யாகப்பன் கடைசியில், நாற்காலியின் நுனியில்.

நாடகம் ஆரம்பித்தது. மந்திரி காரிலிருந்து இறங்கினார். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மந்திரியின் மனைவி பூஜை அறையில் சரிந்து உட்கார்ந்தாள். டைப்பிஸ்ட் பெண் வெள்ளைப் புடவையில் ஒரு மூலையில் நின்று அழுதாள்.

“அழுவுறா பாரு! செய்யறதயும் செஞ்சுட்டு,” என்றாள் குஞ்சம்மா.

“மந்திரிக்கு ஒண்ணும் ஆவாது அத்தை,” என்றான் செல்லையன். “ஒரு எலெக்‌ஷன் போனா அடுத்த எலெக்‌ஷன்ல வந்துடுவான்.”

“நீ டிக்கெட் கிழிக்கிறத விட்டுட்டுக் கட்சியில சேந்துடேன்டா.”

“சேந்தா எனக்கு டைப்பிஸ்ட் யாரு தருவாங்க?”

கூடம் சிரித்தது. சலோமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அல்லி மட்டும் சிரிக்கவில்லை.

“மந்திரியக் கேக்குறாங்க, மந்திரி பொண்டாட்டியக் கேக்குறாங்க. அந்தப் பொண்ணு நிசமாவே தப்பு செஞ்சாளான்னு அவள ஒருத்தராவது கேக்குறாங்களா, பாருங்க.”

நாற்காலி கிரீச்சிட்டது. யாகப்பன் எழுந்துவிட்டார்.

“காத்துல ஆன்டெனா அசையுது போல. பாத்துட்டு வரேன்.”

படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறினார். சற்று நேரத்தில் மந்திரியின் முகம் இழுபட்டது, இரண்டாகப் பிரிந்தது, வெறும் புள்ளிகளாகிப் போனது. குரல்கள் இரைச்சலில் முங்கின.

“சார்! நல்லாத்தானே சார் தெரிஞ்சுச்சு!” செல்லையன் வாசலுக்குப் போய் மேலே பார்த்துக் கத்தினான்.

“கடல் பக்கம் திருப்பிட்டாரு வாத்தியாரு,” என்றாள் குஞ்சம்மா. “மந்திரியச் சிலோன்ல போய்த் தேடுறாரு.” மறுபடி சிரிப்பு. அந்த உற்சாகத்தில் அவள் வாய் நிற்கவில்லை. “மந்திரி என்ன மந்திரி! நம்ம ஊர் ஆளு இருந்தாரே, மேரியில...”

“எந்த மேரி அத்தை?” என்றாள் அல்லி.

டிவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. செல்லையன் வாசலிலேயே நின்றுவிட்டான். குஞ்சம்மா நிலைப்படியில் நின்ற சலோமியை அப்போதுதான் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

“சொல்லுங்க அத்தை,” என்றாள் சலோமி. குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. “அவ கேக்குறால்ல. எந்த மேரி?”

“அது... முனிசிபாலிட்டிடி. கட்டடம். அந்தக் காலத்துல அப்பிடித்தான் சொல்றது.” குஞ்சம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “புயலுக்கு நாங்கல்லாம் அங்கதானே கெடந்தோம். இவதான் எல்லாருக்கும் கஞ்சி ஊத்துனா. விடியுற வரைக்கும் ஊத்துனா, பாவம்.”

“அவ்வளவுதானா?” என்றாள் அல்லி, எதுவும் புரியாமல்.

“அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். இதைச் சொல்ல இந்த ஊருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. யார் காதில் விழ வேண்டுமோ அவர் மொட்டை மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சலோமி படியேறினாள்.

கடல்காற்று உப்போடு முகத்தில் அடித்தது. யாகப்பன் இரண்டு கையாலும் ஆன்டெனாக் குழாயை இறுகப் பிடித்திருந்தார். மேலே கம்பிகள் கிழக்கே கடலைப் பார்த்து நின்றன.

“நீ ஏன் வந்த? போ, இதோ சரி பண்ணிடறேன்.”

“சரியாத்தானே இருந்துச்சு. நீங்கதானே திருப்புனீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்தக் கண்றாவிய நீ பாக்க வேணாம்னுதான். நாலு பேரு முன்னாடி...”

“சார், வெறும் புள்ளியாத் தெரியுது சார்!” கீழிருந்து செல்லையன் குரல்.

“தெரியுங்க. எனக்காகத்தான் செஞ்சீங்க.”

“சத்தியம் பண்ணியிருக்கேன்ல? இன்னிவரைக்கும் உன்ன ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா, சலோமி?” அவர் குரலில் அன்பு இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“இல்லங்க. ஒரு வார்த்தைகூட நீங்க கேக்கல.”

அவள் கிட்டே போய், அவர் கைக்குக் கீழே குழாயைப் பிடித்தாள். துருப்பிடித்த இரும்பு, இன்னும் பகல் சூடு ஆறாமல் இருந்தது. மெல்ல மேற்கே திருப்பினாள். அவர் முதலில் விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கை தளர்ந்தது. கீழே இரைச்சல் அடங்கி, அந்தப் பெண் விசும்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“வந்துடுச்சு! அப்பிடியே விடுங்க சார், அசைக்காதீங்க!”

சலோமி குழாயை விடவில்லை. நம்பாமல் போனால்? போனால் போகட்டும் என்று சொல்லத் துணிவில்லை. ஆனாலும் இனிமேல் கீழே இறங்கிப் பழையபடி சலோமியாக மட்டும் இருக்க முடியாது என்று தோன்றியது.

“ஏங்க.”

“ம்.”

“என்னைக் கேளுங்க.” மறுபடி சொன்னாள். “மேரின்னு கூப்பிட்டு, அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு, ஒரே ஒரு தடவை என்னைக் கேளுங்க.”