கெஞ்சினால் வடியாது

உலகத்தின் சகல துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே: போக வேண்டிய தண்ணீர் போக வேண்டிய நேரத்தில் போகாதது. மனித நாகரிகம் என்பதே சேற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் முயற்சிதான், அதன் இறுதி வெற்றி தன்னுடைய பீக்கரில் நடந்து முடிந்துவிட்டது என்று கெமிஸ்ட் சிரிக்காமல் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவர் அவன் மச்சான். மனைவியின் அண்ணன், கழிவுநீர் நிலையத்தில் சேறு பிழியும் பிரஸ்ஸை ஓட்டுகிறவர். பெல்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாடா ராசா, கொஞ்சம் கெட்டியா வாடா" என்று சேற்றிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அதுக்குக் காது கிடையாது."

"என் தங்கச்சிக்கு இருக்கு. அவகிட்டயும் நீ கெஞ்சிட்டுத்தானே இருக்கே மாப்ள."

"கெமிஸ்ட்ரி கெஞ்சினா கேக்காது, அளவா போட்டாத்தான் கேக்கும். நீங்க கடன் கேக்கப் போனவன் மாதிரி நிக்கிறீங்க."

ஊரின் குளியலறைகளும் கழிவறைகளும் கடைசியில் வந்து சேரும் இடம் இந்தக் கொட்டகைதான். தண்ணீர் தெளிந்து ஆற்றுக்குப் போய்விடும். அடியில் தங்கும் கறுப்புக் கூழை இரண்டு பெல்ட்டுகளுக்கு நடுவே பிழிந்து, கட்டியாக்கி, லாரியில் குப்பைமேட்டுக்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் சுண்ணாம்பு கலந்தார்கள். பாலிமர் போட்டால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளும், தண்ணீர் தானாக ஒதுங்கும் என்றான் கெமிஸ்ட். பீக்கரில் ஒதுங்கியது. மேனேஜர் கைகூடத் தட்டினார். பெல்ட்டில் ஒதுங்கவில்லை.

ஒழுகுகிற சேறு வேண்டாம் என்று குப்பைமேட்டில் இரண்டு லாரிகளைத் திருப்பிவிட்டார்கள். அவை ரோடு நெடுகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. காலையில் மேனேஜர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சாயங்காலம் போற லாரியும் திரும்பிட்டா, நாளையிலேர்ந்து பழைய சுண்ணாம்புதான். நீங்களும் வேற இடம் பாத்துக்கங்க சார்." அதுவரை அவனைத் 'தம்பி' என்றே கூப்பிட்டவர். இந்த வேலையை நம்பித்தான் மனைவி தன் வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்திருந்தாள். அவள் சாமான்களில் பாதி இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது.

சொன்னது கேட்கவில்லை என்றால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வது படித்தவர்கள் வழக்கம். கெமிஸ்ட் பாலிமரைக் கூட்டினான். சேறு வழுவழுப்பாயிற்று. இன்னும் கூட்டினான். பெல்ட்டின் ஓரத்தில் மூக்குச்சளி போல வழிந்தது. கலக்கும் மோட்டாரை முழு வேகத்தில் விட்டான். சேறு கூழாகவே வந்தது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடினான். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, புதுச் சேற்றை இரண்டு பீக்கர்களில் எடுத்து, பாதி அளவு பாலிமர் விட்டுக் கண்ணாடிக் குச்சியால் மெல்லக் கலக்கினான். இரண்டும் திரிந்த பால் போலத் திரண்டன. ஒன்றை மட்டும் வேகமாகக் கலக்கிப் பார்த்தான். திரண்டதெல்லாம் நொறுங்கிப் பழையபடி கூழாயிற்று. காலையிலிருந்து தானே கட்டித் தானே இடித்துக்கொண்டிருந்தது புரிந்தது. சந்தோஷம்கூட வரவில்லை, முதுகுதான் வலித்தது.

"மச்சான், பாலிமரைப் பாதியாக் குறைங்க. மோட்டாரையும் மெதுவா விடுங்க."

"காலையில கூட்டச் சொன்னே."

"இப்ப குறைக்கச் சொல்றேன்."

"உத்தரவு, கெமிஸ்ட் சார்." திருப்ப வேண்டியதைத் திருப்பிவிட்டு மச்சான் கையைத் துடைத்துக்கொண்டார். "லாரிக்காரன் இப்பவே கிளம்புறேன்னு குதிக்கிறான். நான் போய் அவனைப் பிடிச்சு வைக்கிறேன்."

கொட்டகையில் கெமிஸ்ட் தனியாக நின்றான். குழாயில் இருக்கும் பழைய சேறு தீர்ந்துதான் புதியது வரும். அவன் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. பெல்ட்டின் முதல் உருளையைத் தாண்டி ஏதோ கறுப்பாக, ஓரம் லேசாக எழும்பி வந்தது. திரளா, வெறும் நுரையா என்று சொல்ல முடியவில்லை. வெளியே ஹாரன் அடித்தது.

அவன் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தான். யாருமில்லை. பெல்ட்டின் பக்கம் குனிந்தான்.

"வாடா ராசா" என்றான், உதடு அசையாமல். "கொஞ்சம் கெட்டியா வாடா."

இரண்டாவது உருளையின் அடியில் கலங்கலாக ஒரு சொட்டு திரண்டு, பருத்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.