முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

அக்டோபர் பிறந்துவிட்டால் பெல்லிங்கர் ஆற்றுப் பக்கம் எல்லாருமே உண்ணி வைத்தியர்கள்தாம். பால்பண்ணைக்காரர் வெர்ன் மக்லே அவர்களுக்கெல்லாம் தலைவர். மாடு ஓட்டும் தன் கெல்பி நாய் டாட்டியின் காதுக்குப் பின்னாலிருந்த உண்ணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று மாடு கறக்கப் போய்விட்டார். உண்ணி போனாலும் ஏறின விஷம் இரண்டு நாள் தன் வேலையைக் காட்டும் என்று அவருக்கு யார் சொல்வது? மறுநாள் டாட்டிக்குப் பின்னங்கால்கள் துவண்டன. அதற்கு அடுத்த நாள் மூச்சே திணறியது.

எங்கள் கால்நடை மருத்துவமனையில் நான்கு நாள் இயந்திரம்தான் அதற்காக மூச்சுவிட்டது. இன்று காலை டாக்டர் நெரிடா தொண்டைக்குழாயை எடுத்தார். இப்போது மூக்கில் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக ஆக்சிஜன் போகிறது. உதட்டில் ஒரு கிளிப், திரையில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும் ஒரு எண்.

"தொண்ணூறுக்குக் கீழ போய் அங்கயே நின்னா மறுபடி மெஷின்தான், மெரின். ஆனா இந்த நுரையீரல் இன்னொரு தடவை தாங்காது" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓர் அறுவை சிகிச்சைக்குப் போனார். நாயும் நர்ஸான நானும் அந்த எண்ணும் மிஞ்சினோம்.

மதியம்வரை தொண்ணூற்று மூன்று. பிறகு தொண்ணூற்று ஒன்று. டாட்டி தூங்கவே இல்லை. தலையைத் தூக்கித் தூக்கிக் கதவைப் பார்த்தது. தூக்கும்போதெல்லாம் இரைத்தது. மயக்க மருந்தைக் கூட்டினால் இருக்கிற மூச்சும் போய்விடலாம்.

வெர்ன் கறவை நேரம் போக மீதி நேரமெல்லாம் வாசலறையிலேயே கிடந்தார். சொந்தக்காரரைப் பார்த்தால் நாய் துள்ளும் என்பதால் உள்ளே விடுவதில்லை. நான் கதவைத் திறந்ததும் எழுந்துவிட்டார்.

"எவ்வளவும்மா?"

"தொண்ணூறு."

"நான் உள்ள வரேன்."

"உங்களைப் பாத்தா அது எழுந்திருக்கப் பாக்கும். அதோட கதை முடிஞ்சிரும்."

"முகத்தைப் பாத்தாதான் எழுந்திருக்கும். டீ குடிக்கும்போது நான் அதுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவேன். முதுகைப் பாத்தா வேலை இல்லைன்னு அதுக்குத் தெரியும், உடனே படுத்துரும். நான் எங்க இருக்கேன்னு தெரியாம அது கண்ணை மூடாதும்மா."

"உண்ணி பிடுங்கின வைத்தியம் மாதிரியா இதுவும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது என் தப்புதான்" என்றார் அவர். அதற்குமேல் என்னால் தடுக்க முடியவில்லை.

பின்பக்கமாகவே நடந்து வந்து, சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தார். டாட்டி வெடுக்கென்று தலையைத் தூக்கியது. எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு.

"எவ்வளவு?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

என் கை டாக்டரை அழைக்கும் மணிமேல் இருந்தது. உண்மையைச் சொன்னால் மனிதர் நிச்சயம் திரும்புவார்.

"தொண்ணூத்திரெண்டு" என்றேன்.

இந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் இல்லை அது. ஆனால் இவ்வளவு பயந்துகொண்டு எதையும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மணியை அடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

டாட்டி அந்த முதுகையே பார்த்தது. பிறகு மெல்லத் தாடையை முன்னங்கால்மேல் வைத்தது. எண்பத்தொன்பது. தொண்ணூறு. மணியிலிருந்து கையை எடுத்தேன்.

மூன்றரை ஆயிற்று. பண்ணையில் மாடுகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருக்கும். அவர் அசையவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"நெசமாவே தொண்ணூத்திரெண்டாம்மா? எனக்காகச் சொல்றியா?"

திரையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். "அப்ப எண்பத்தெட்டு, வெர்ன். இப்பதான் தொண்ணூத்திரெண்டு."

அவர் கழுத்து பாதி திரும்பி நின்றது.

"ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கவா?"

"வேணாம்" என்றேன். "தூங்குது."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.