மீட்டர் காட்டிய பன்னிரண்டு வோல்ட்

பள்ளி வேன் ஓட்டும் என் அக்கா கணவர் காலையில் புறப்பட்டுச் சென்ற பிறகே, அவருடைய வேனிலிருந்து கழற்றிய பழைய பெட்ரோல் பம்பைப் என் பட்டறைப் பேட்டரியில் இணைத்துப் பார்த்தேன். அது எவ்விதக் குறையுமின்றி ரீங்காரமிட்டது.

பம்பு நல்லதெனில், ஓட்டத்தில் வண்டியை நிறுத்திய கோளாறு இன்னும் வண்டிக்குள்தான் இருந்தது. முந்தைய நாள் பம்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தேன்; பன்னிரண்டு வோல்ட் காட்டியது. ஒயர்களில் பழுதில்லை, பம்புதான் போய்விட்டது என்று தீர்ப்பளித்து, புதுப் பம்பு மாட்டிக் கொடுத்தேன். பம்போ பல்போ மின்சாரம் இழுக்காதபோது, சுமை ஏற்றாமல் சோதித்தால் உளுத்த ஒயரும் யோக்கியனாகவே தோன்றும் என்பது எனக்குத் தெரியாததன்று. அவசரம் கண்ணை மறைத்தது.

அவர் செல்லும் வழியில் காவலரில்லாத ரயில் கடவை உண்டு. வேனில் பதினான்கு குழந்தைகள். கைபேசியில் அழைத்தேன், வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை. கருவிப் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் விரைந்தேன். ஒவ்வொரு வளைவிலும், அப்பால் கூட்டம் கூடியிருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன்.

வேன் தண்டவாளத்துக்குப் பத்தடி முன்பாக நின்றிருந்தது. குழந்தைகளை வேலியோரமாக அமர்த்தியிருந்தார். வண்டி நின்ற சற்று நேரத்தில் ரயில் கடந்து போயிற்றென்று கூறியபோது அவர் உதடுகள் வெளுத்திருந்தன.

"காய்ச்சல் ஒருத்தனுக்கு, ஊசி இன்னொருத்தனுக்கா மாப்ள?" என்றார்.

பின்னிருக்கையைத் தூக்கி, பம்பின் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பைப் பொருத்தி, ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பல்பு அணையப்போகும் நெருப்புக் கங்கு போல் மங்கியிருந்தது. மின்சாரம் திரும்பிச் செல்லும் அதன் எர்த் முனையை நேரே வண்டியின் இரும்பில் தொட்டதும் கண்கூச எரிந்தது. எர்த் ஒயரின் உறையைக் கீறினேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. புது ஒயர் இழுத்து, இரும்பைச் சுரண்டி, இறுக்கி, பம்பை மீண்டும் இணைத்தேன். இஞ்சின் உயிர்பெற்றது.

அவர் ஏறவில்லை.

"அத்தான், இனி நிக்காது" என்றேன்.

"அப்போ நீயே தாண்டிக் காட்டு. பிள்ளைங்களை நான் நடத்திக் கூட்டிட்டு வரேன்."

இருபுறமும் இருமுறை பார்த்துவிட்டு ஏறி அமர்ந்தேன். முன்சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறியபோது, முதுகுக்குப் பின்னால் பம்பின் ஓசை கேட்கிறதா என்று மூச்சையடக்கிக் கேட்டேன். ஓட்டுநர் பக்கக் கதவை நான் சாத்தவில்லை.