கொஸ்மே சாப்பிட்ட தட்டுகள்

ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசை முடிந்து ஊரே பெத்ராவின் வைன் கடையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நியேவெஸ் ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படிக்கும் கடைக்கும் நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பெத்ரா பார்த்தாள். வேறு எவளாவது வேறு எவனையாவது கூட்டி வந்திருந்தால் அவள் பாட்டுக்கு மிளகாயை நறுக்கிக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் நியேவெஸ், பெத்ராவின் செத்துப்போன தம்பி கொஸ்மேயின் பெண்டாட்டி.

கீழே கிரனாதா நகரத்தில் ஒரு விதவை யாரோடு காப்பி குடித்தாலும் இந்த மலைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஞாயிறு மதியம் பெத்ராவின் கடைக்குக் கூட்டி வந்தால் கதையே வேறு. அது ஊரைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்பது. வந்தவன் இரண்டு மூன்று கிளாஸ் வைன் குடித்து, நாலு பேர் அவன் தோளில் தட்டிவிட்டால் முடிந்தது, அவன் ஊர்க்காரன். யாரும் முகம் கொடுக்காவிட்டால் வந்த வழியே இறங்கிப் போக வேண்டியதுதான்.

போக வைப்பது என்று பெத்ரா அந்த நிமிஷமே முடிவு செய்தாள். கொஸ்மேயைக் கொன்றவள் இன்னொருத்தனோடு சிரித்துக்கொண்டு நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை. கொன்றவள் என்றுதான் அவள் சொல்வாள், அதுவும் வாய்விட்டு. ஒரு இலையுதிர் காலத்தில் இருதயம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஸ்மேக்கு உப்பு ஆகாது, கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னார். நியேவெஸ் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்த உப்பு ஜாடியை வாசலில் கொட்டினாள். பிறந்ததிலிருந்து உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை மணத்தில் வளர்ந்தவனுக்கு அவித்த கீரை, அவித்த கோழி, மறுநாளும் அவித்த கீரை. பனி முடிவதற்குள் அவன் போய்ச் சேர்ந்தான். "பட்டினி போட்டே சாகடிச்சிட்டா" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பெத்ரா சொன்னாள். ஊரும் தலையாட்டியது.

கல்லாவில் நின்ற பெத்ராவின் புருஷன் ஃபெர்மின் இரண்டு கிளாஸ் வைன் ஊற்றினான். புது ஆளின் பெயர் லியாந்த்ரோ. கடற்கரைப் பக்கம் அல்மெரியாவில் தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர். நரைத்த தலை, சலவைச் சட்டை, வந்த இடத்தில் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"தொட்டுக்க தாப்பா என்னென்ன இருக்குங்க?" என்று கேட்டார்.

கடையே சிரித்தது.

"கடற்கரைக்காரரே, உங்க ஊர்லதான் கேட்டு வாங்குவாங்க," என்றார் பக்கத்தில் நின்ற தெல்ஃபின். மூக்கு சிவந்த கிழவர், கடை திறக்கும்போது வந்து சாத்தும்போது போகிறவர். "இங்க ஒரு கிளாஸ் சொன்னா ஒரு தட்டு தானா வரும். என்ன வரும்னு பெத்ராவுக்குத்தான் தெரியும். வாய மூடிட்டுச் சாப்பிடணும்."

"வாய மூடிக்கிட்டா எப்படிங்க சாப்பிடறது?" என்றார் லியாந்த்ரோ.

சிரிப்பு இன்னும் பெரிதானது. யாரோ அவர் தோளில் தட்டவும் தட்டினார்கள். பெத்ரா கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இவனுக்கு ஊர்ப் பட்டப்பெயரே வைத்துவிடுவார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு அவள் முதல் தட்டாக வெறும் ஆலிவ்தான் அனுப்புவாள். இன்றைக்கு மண்சாடியைத் திறந்தாள். பொரித்துக் கொழுப்பில் மூழ்கடித்து மாதக்கணக்கில் ஊறப்போட்ட பன்றிக்கறி. தடிமனாக வெட்டி, சூடாக்கி, மேலே கல்லுப்புத் தூவி, ஒரு பச்சை மிளகாயைப் பொரித்துப் பக்கத்தில் வைத்தாள். கொஸ்மேக்கு வைப்பது போலவே, கொஸ்மேயின் நீலத் தட்டிலேயே.

"ஏய், இது அவனோட..." என்று இழுத்தான் ஃபெர்மின்.

"கொண்டு போய் வையி."

தட்டைப் பார்த்ததும் கடை அடங்கியது. லியாந்த்ரோ ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "அம்மாடி, என்ன ருசி!"

"நல்லா இருக்கா?" ஜன்னலில் தலையை நீட்டினாள் பெத்ரா. "செத்துப்போன என் தம்பிக்கு அதுன்னா உசிரு. இந்தம்மாவோட வீட்டுக்காரன்தான். சொல்லியிருப்பாளே?"

லியாந்த்ரோவுக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "சாப்பிடுங்க," என்றாள் நியேவெஸ், தட்டைப் பார்க்காமல்.

அடுத்த கிளாசுக்கு ரத்தம் அடைத்த குடல், பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் முட்டை. "இதுவும் கொஸ்மேயோடதுதான்," என்று அங்கிருந்தே கத்தினாள் பெத்ரா. "நல்லாத் தின்னுக்குங்க லியாந்த்ரோ. உங்களுக்கும் வயசாகுதில்ல? நாளைக்கு ஒடம்புக்கு ஏதாவது வந்தா, அவ கையால அவிச்ச கீரைதான்."

"அதுவும் உப்பில்லாம!" என்று எடுத்துக் கொடுத்தார் தெல்ஃபின்.

கடை கொல்லென்று சிரித்தது. நியேவெஸின் முகம் கழுத்துவரை சிவந்தது. லியாந்த்ரோ அவள் காதருகே குனிந்து, "போயிடலாம் வா," என்றார். பெத்ராவுக்கு அது கேட்டது. நெஞ்சு குளிர்ந்தது.

"இன்னொரு கிளாஸ் ஊத்து ஃபெர்மின்," என்றாள் நியேவெஸ்.

பாதியில் எழுந்து போனால் அவள் கதை இந்த ஊரில் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். பெத்ராவுக்கும் தெரியும். இருக்கட்டும், இன்னும் வாங்கிக்கொள்ளட்டும் என்று பெத்ரா கனலில் இருந்த சட்டியை இறக்கினாள். பன்றியின் கன்னக்கறியும் கஷ்கொட்டைப் பருப்பும், கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியான குழம்பில். இந்த முறை ஃபெர்மினிடம் கொடுக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது வேற எங்கயும் கெடைக்காது," என்றாள் லியாந்த்ரோவிடம். "கொஸ்மேக்காகவே நான் யோசிச்சுப் பண்ணினது. இவ போட்ட பட்டினியில எளைச்சுக் கறுத்துப் போயிட்டான் பாவம். உலாத்தப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு என்கிட்டதான் ஓடி வருவான். அந்தக் கடைசிப் பனிக்காலம் பூரா அவனுக்குச் சோறு போட்டது இந்தக் கைதான். பெண்டாட்டி போடல, அக்கா போட்டேன்."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. தெல்ஃபின் தன் கிளாசுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பனிக்காலமா?" என்றாள் நியேவெஸ்.

"ஆமா."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கு அப்புறமா?"

கல்லாவுக்குப் பின்னால் ஃபெர்மின் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பெத்ராவின் வாய்க்கு அதற்குள் வேகம் வந்துவிட்டிருந்தது. "அப்புறம்தான். ஒரு நாள் தவறாம. ஏன், வயிறு எரியுதா?"

நியேவெஸ் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"கால் ரெண்டும் வீங்கிக்கிட்டே போச்சு," என்றாள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். உண்மையைச் சொல்லும்மா, என்ன குடுக்கிறன்னாரு. கீரைன்னேன். பொய் சொல்றன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. கடை ரொட்டியில உப்பு இருக்குமோன்னு நானே வீட்ல சுட்டேன். அதுக்கும் வீக்கம் வடியல. நான் எங்க தப்புப் பண்றேன், எங்க தப்புப் பண்றேன்னு அவரு கால அமுக்கிக்கிட்டே அழுவேன். அவரும் பேசாம படுத்திருப்பாரு." கடையைச் சுற்றிப் பார்த்தாள். "உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சோம்மா," என்று முனகினார் தெல்ஃபின். கொஞ்சம் தைரியம் வந்ததும், "நாங்க ஒரு கிளாஸ் ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடுத்திருப்போம். தட்டு வச்சதெல்லாம் பெத்ராதான்," என்றார்.

பெத்ரா அவரைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அவள் கையால் தின்ற வாய் அது. மற்றவர்களைப் பார்த்தாள். அவளுக்கும் தங்களுக்கும் நடுவில் ஒவ்வொருவரும் ஓரடி இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாத்தனாரே," என்றாள் நியேவெஸ். "கடைசி நாளும் இங்க வந்தாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் கடையில் யாருமில்லை, ஃபெர்மின்கூட இல்லை. கொஸ்மே நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்ததை அவள் ஒருத்திதான் பார்த்தாள். யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை, தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"வந்தான்."

"என்ன வச்ச?"

"இதேதான். ரெண்டு தட்டு."

"ஒடம்பப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"நெஞ்சு அடைக்குதுன்னான்."

"நீ என்ன சொன்ன?"

கொஸ்மே இங்கிருந்து எழுந்து போய், வீட்டுக்கு ஏறும் சந்தில் பாதி வழியில் விழுந்து கிடந்தது பெத்ராவின் கண்முன் வந்தது. பிடித்துக்கொள்ளக் கல்லா பக்கம் கையை நீட்டினாள். ஃபெர்மின் அந்தக் கையைப் பார்த்தான், தன் கையை நீட்டவில்லை.

"பசியா இருக்கும்," என்றாள் பெத்ரா. "பசிதான்டா, கீரையத் தின்னா வேற என்ன ஆகும், தின்னு சரியாயிடும்னு சொன்னேன்."

லியாந்த்ரோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நியேவெஸ் அதை எடுத்துத் துடைத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள். தட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க, வீணாக்காதீங்க," என்றாள். "நல்லாத்தான் சமைப்பா. உப்பும் சரியா இருக்கும்."

லியாந்த்ரோ அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பெத்ரா நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு துண்டாகச் சாப்பிட்டு முடித்தார்.