கூட்டி எழுதிய ஐந்து வயது

"எண்பத்தொண்ணு ஆயிடுச்சு டாக்டர். இனிமே எனக்கு எதுக்குக் கீமோ?" என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. இரண்டு வருடம் கேட்ட ஹார்மோன் ஊசி இப்போது கேட்கவில்லை. கீமோ கொடுத்துப் பார்ப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் வந்திருந்தோம். மனுஷன் எடுத்த எடுப்பிலேயே கதவைச் சாத்துகிறார்!

"பொய் டாக்டர். எழுபத்தாறுதான்!" போட்டு உடைத்துவிட்டேன். பதினாறு வயதில் லாரி ஓட்டும் வெறியில், லைசென்ஸுக்காக ஐந்தைக் கூட்டி எழுதிக்கொடுத்தவர். அன்றிலிருந்து எல்லாக் காகிதத்திலும் அந்த வயதுதான்.

"சும்மா இருடி," என்று பல்லைக் கடித்தார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எந்த வயசா வேணா இருக்கட்டும். உடம்பு என்ன சொல்லுதுன்னுதான் நாங்க பாப்போம். எழுந்து அந்தக் கதவுவரைக்கும் நடந்துட்டு வாங்க ஐயா."

கையை ஊன்றாமல் எழுந்தார். விறுவிறுவென்று போய் வந்தார். சாப்பாடு, தூக்கம், ஞாபகம், மாடிப்படி எல்லாவற்றையும் டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார்.

"தாங்குவீங்க. ஆனா வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். நிஜமா எதுக்குப் பயப்படறீங்க?"

இவர் என் பக்கமே திரும்பவில்லை. "நான் படுத்த படுக்கையாயிட்டா இவதான் தூக்கணும். இவ இடுப்பே ஒரு வருஷமா சரியில்ல."

அடப்பாவி மனுஷா! இதற்கா வயதைச் சாக்குச் சொன்னாய்?

"அசதி இருக்கும், முடி கொட்டலாம், மறைக்கல," என்றார் டாக்டரம்மா. "மூணு வாரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் அடுத்தது. வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க, அம்மா தூக்க வேண்டாம்."

"நான் போதும்னா நிறுத்திடுவீங்களா?"

"அந்த நிமிஷமே."

இவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஆரம்பிங்க."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இடுப்பைப் பத்தி என்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ தூக்குவேன்னுதான் சொல்லுவ. அதான் கேக்கல."

போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, ஆஸ்பத்திரி நடைகூடத்திலேயே நின்று நிம்மதியாக அழுதேன்.