வரிசைக்கு ஒரு கத்தரி

ராஜபாளையத்தில் நைட்டி தைக்கும் அந்தக் கம்பெனியில் வரிசைக்கு ஒரு கத்தரிதான். அதையும் கயிறு போட்டுக் கடைசி மேஜையின் காலில் கட்டியிருந்தார்கள். நூலறுக்க ஒவ்வொரு தடவையும் எழுந்து நடந்தால் பீஸ் ரேட்டுக்கு என்ன மிஞ்சும்? எல்லாரும் பல்லால் கடித்தே அறுத்தார்கள். ஜெயசித்ராவும் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். நூல் அராவி அராவி அவள் முன்பல்லில் பள்ளமே விழுந்திருந்தது. அன்றைக்குக் கடித்தபோது பாதிப் பல் விண்டு மடியில் விழுந்தது.

"ஏட்டி, பிடுங்கிப் போட்டுரு. நான் பிடுங்கலையா?" என்று பக்கத்து மெஷின் கருத்தம்மாள் தன் ஓட்டை வாயைக் காட்டினாள்.

"மாட்டேன்க்கா. என் பல்லு எனக்கு வேணும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "பல்லு நெறத்துலயே இன்னைக்கே அடைச்சிரலாம். ஆனா நூலைக் கடிச்சா பேந்துரும். வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டா ரொம்ப நாள் நிக்கும். நாலஞ்சு தடவை வரணும். அதுக்கப்புறமும் நூலைக் கடிக்கக் கூடாது."

"கேப்பே போடுங்கம்மா. இனிமே கடிக்க மாட்டேன்."

லீவு நாளெல்லாம் அந்த நாற்காலியிலேயே போனது. கடைசி நாள் கண்ணாடியில் பார்த்தபோது எது சொந்தப் பல், எது கேப் என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை சிரித்த வாயை மூடவில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் தனுஷ்கோடியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்கொரு கத்தரி வேணும்."

"ஆளுக்கொண்ணு குடுத்தா அம்புட்டும் காணாமப் போயிரும்."

"நானே வாங்கியாரேன்."

"வெளி இரும்பு உள்ள வரக் கூடாதுன்னு தெரியும்லா?"

சரி என்று மெஷினுக்குத் திரும்பியவள், நூலறுக்க ஒவ்வொரு தடவையும் எழுந்து நடக்க ஆரம்பித்தாள். வீம்பு என்றால் வீம்புதான். தைத்த நைட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி மேஜைக்குப் போவாள், வெட்டுவாள், திரும்பி வந்து உட்காருவாள்.

"போறதுதான் போற, இதையும் வெட்டிட்டு வா" என்று கருத்தம்மாள் நீட்டினாள். அதைப் பார்த்து வரிசையே நீட்டியது. யாருக்கும் அவள் இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வரிசையில் ஒருத்தியும் நூலைக் கடிக்கவில்லை. ஜெயசித்ரா தைத்த பீஸ்கள் மட்டும் சாயங்காலம் எண்ணும்போது ஒரு கை விரலுக்குள் அடங்கின.

தனுஷ்கோடி ஒரு புதுக் கத்தரியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். "நாளையிலருந்து நீ நூல் வெட்டுனாப் போதும். ஹெல்ப்பர் கூலிதான் வரும்."

"நான் டெய்லர்ணே" என்று சொல்லிக் கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து தன் மெஷினிலேயே உட்கார்ந்தாள். துணியை மடித்து வைத்து மிதியை அழுத்தினாள். மோட்டார் ஓடியது, தையல் விழவில்லை. ஊசியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.