பதினேழாம் நம்பர் கால்

கோமதிநாயகத்துக்குக் குதிகால் வலி. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணியை மிதித்த மாதிரி இருக்கும். கம்பெனிக்கு வந்து ஒரு மணி நேரம் நின்றால் ஆணி கொஞ்சம் மழுங்கும். நாலு மணி நேரம் நின்றால் மறுபடி கூராகிவிடும். சங்கரன்கோவிலிலிருந்து வந்து பதினோரு வருஷமாக ஒரகடத்துக் கான்கிரீட்டில் நிற்கிற கால் அது. இவ்வளவு நாள் தாங்கியதே பெரிசு.

நின்றுகொண்டு அவன் செய்வதும் ஒரு கால்தான். செவ்வாய்க் கிரகத்தில் இறங்கப்போகிற விண்கலத்தின் கால் மூட்டு. உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். காருக்கு பிரேக் பாகம் செய்கிற கம்பெனிக்கு எப்படியோ இந்த ஆர்டர் வந்து, ஷெட்டின் மூலையில் கண்ணாடி அடைத்து, ஏசி போட்டு, ஐந்து பேரைப் பொறுக்கி உள்ளே விட்டார்கள். "நாயகம் கையில எதுவும் நழுவாது" என்று சொல்லித்தான் சூப்பர்வைசர் அந்தோணிராஜ் அவனை மெஷினில் நிறுத்தினார். அவன் இறக்கி வைக்கும் துண்டின் ஓரத்துப் பிசிறை அரம் போட்டு எடுப்பவள் ரத்னா, பென்னலூர்க்காரி.

முதல் நாள் குவாலிட்டி பார்க்கிற சந்திரலேகா மேடம் எல்லோரையும் நிற்கவைத்து வகுப்பு எடுத்தார்.

"தூசி, கிருமி எதுவும் இதுல ஒட்டக் கூடாது. அங்க உசுரு இருக்கான்னு தேடத்தான் போறாங்க. நம்ம ஊர் கிருமி போய் உக்காந்துட்டா எது அவங்களது, எது நம்மளதுன்னு தெரியாமப் போயிடும்."

"ஒரகடத்துக் கிருமி சும்மா உக்காருமா மேடம்? பிளாட் போட்டு வித்துடும்" என்றாள் ரத்னா. மேடமும் சிரித்துவிட்டார்.

"ரெண்டாவது, பீஸ் கீழ விழுந்தா சொல்லிடுங்க. யாரும் திட்ட மாட்டோம். சிவப்பு அட்டை கட்டி ஓரமா வச்சிடுவோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்க போய்த்தான் காட்டும். மனுஷன் போய் இறங்க இன்னும் எவ்வளவோ காலம் ஆகும். இப்ப ஒடைஞ்சா வெல்டிங் வைக்க ஆள் கிடையாது."

ஒரு வெள்ளிக்கிழமை ரத்னா மத்தியானத்தோடு பெர்மிஷன் போட்டுக் கிளம்பிவிட்டாள், மகள் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று. பதினேழாம் நம்பர் அதற்குப் பிறகுதான் மெஷினிலிருந்து இறங்கியது. கோமதிநாயகமே அவள் மேஜைக்குப் போய்ப் பிசிறு எடுத்தான். துண்டோடு போகிற கார்டில், பிசிறு எடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயரையே எழுதினான். அவள் வேலை ஒன்று குறைய வேண்டாமே என்றுதான். அட்டைப்பெட்டியில் வைக்கத் திரும்பியபோது குதிகாலில் சுரீர் என்றது. துண்டு நழுவித் தரையில் விழுந்து, கணீரென்று ஒரு சத்தம்.

கண்ணாடி அறையில் வேறு யாரும் அப்போது இல்லை. அவன் குனிந்து எடுத்தான். எடுத்த கை தானாக அதைக் கண்ணில் ஒற்றியது. கைதவறிய அரமோ, காலில் பட்ட நோட்டுப் புத்தகமோ, எதுவானாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றுவது சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஒரு கண், மறு கண், நெற்றி. காலையில் வழியில் அம்மன் கோயிலில் வாங்கி வைத்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான். துடைத்தது போதவில்லை.

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிபட்டதே தெரியவில்லை. பிரேக் லைனில் விழுந்ததைத் துடைத்துப் போட்டே பழகிய கைக்கு இதுவும் அப்படித்தான் பட்டது. அதோடு, நழுவாத கை என்று பெயர் வேறு. பெட்டியில் வைத்து மூடினான்.

திங்கட்கிழமை சந்திரலேகா வெள்ளைத் துணியால் ஒவ்வொரு துண்டையும் துடைத்துப் பார்த்தார். பதினேழின் திருகுத் துளையிலிருந்து சிவப்பு வந்தது. ஐந்து பேரையும் கூப்பிட்டுத் துணியைக் காட்டினார்.

"குங்குமம். யாரு?"

அந்த ஐந்து பேரில் வகிட்டில் குங்குமம் வைக்கிறவள் ஒருத்திதான். எல்லோருடைய பார்வையும் ரத்னாவின் தலைக்குப் போனது. கோமதிநாயகத்தின் பார்வையும்தான். ரத்னா தொப்பியைக் கழற்றி வகிட்டைத் தொட்டு விரலைப் பார்த்தாள். சிவப்பு.

"நான்தான் போல கீது மேடம். தொப்பியச் சரி பண்ணசொல்ல கைல ஒட்டியிருக்கும்."

கார்டிலும் அவள் பெயர்தான் இருந்தது. பீஸ் கழிவுக்குப் போனது. ரத்னா மறுநாளிலிருந்து பிரேக் லைனுக்கு என்றார் அந்தோணிராஜ்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தான். "மேடம்" என்றான்.

"என்ன அண்ணா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ரத்னாவும் பார்த்தாள்.

"குதிகால் வலிக்கு மேடம். ஸ்டூல் ஒண்ணு கெடைச்சா நல்லாருக்கும்."

அடுத்த நாளே ஸ்டூல் வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து கேன்டீனில் ரத்னா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாணா, ஸ்டூல்லாம் போட்டாங்களாமே. பெரிய ஆபீசரு ஆயிட்ட."

"ஆபீசருக்கு சாய்மானம் இருக்கும்மா."

"கெடச்சதுல உக்காருணா. எங்க லைன்ல உக்காந்தா சூப்பர்வைசர் நம்ம மேலயே உக்காந்துக்குவான்."

அவள் வகிடு வெறுமையாக இருந்தது. அவன் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"வூட்ல மாமியா ஒரே ரகளை. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல எவளாவது காலங்காத்தால தொடச்சிக்கினு கெளம்புவாளான்னு. அது இன்னா பண்ணும், அதுக்குச் செவ்வாய்னா செவ்வாக்கெழமதான்."

"பிரேக் லைன்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்களே. எதுக்குத் தொடைக்க?"

"திரும்ப உள்ள கூப்ட்டா? பழக்கம் உடக் கூடாதுல்ல." அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டாள். "எம் பொண்ணு மதிக்கு இன்னும் சொல்லலணா. எங்கம்மா பண்ண காலுன்னு படம் வரைஞ்சி ஸ்கூல் செவுத்துல ஒட்டி வச்சிருக்குது."

அவன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒண்ணு கேக்கணும்ணா. அந்தப் பதினேழு. எனக்குப் பதினாறு வரைக்கும்தான் ஞாபகம் வருது. அன்னிக்கி நான் மத்தியானமே போயிட்டேன்ல? நான் போசொல்ல அது மெஷின்லயே இருந்துச்சோன்னு ஒரு டவுட்டு. நீதான ஓட்டுன. நீ சொன்னா மேடம் கேப்பாங்க. நான் அத தொட்டனா?"

கேட்டது அவ்வளவுதான். ஆமாம் அல்லது இல்லை. இல்லை என்று சொன்னால் போதும், அவள் எழுந்து நேராக மேடத்திடம் போவாள். அதற்கடுத்த கேள்வி, அப்படியானால் தொட்டது யார்.

"ஞாபகம் இல்லம்மா" என்றான். பிறகு அதுவும் போதாதென்று, "கார்டுல உம் பேருதான இருந்துச்சு" என்றான்.

தன் கையெழுத்தையே அவளுக்குச் சாட்சியாக நீட்டினான்.

ரத்னா தட்டை வழித்தாள். "ஆமாணா. கார்டு பொய் சொல்லுமா. நான்தான் மறந்துட்டேன்." எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

இரண்டரை மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினான். உட்கார இடமில்லை. அன்றைக்குப் பார்த்து நிற்பது கூட அவனுக்கு நல்லதாகத்தான் பட்டது. ஜன்னலோரம் இருந்து ரத்னா கத்தினாள்.

"ணா, இங்க வா. உன் காலுக்குன்னு பையப் போட்டு எடம் புடிச்சி வச்சிக்கீறேன்."

பக்கத்தில் உட்கார்ந்தான். லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. அவள் தூங்கிவிட்டாள். தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கம்பெனி வாசலாக எண்ணிக்கொண்டு, அடுத்த வாசலில் எழுப்பிச் சொல்லிவிடலாம், அதற்கடுத்த வாசலில் சொல்லிவிடலாம் என்று வந்தான். ஸ்ரீபெரும்புதூர் வந்துவிட்டது.

அவன் இறங்குகிற அசைவில் அவள் விழித்துக்கொண்டாள். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"செங்கல்லச் சூடு பண்ணி மேல எருக்க எல போட்டு மிதிணா. ஒரு வாரத்துல போயிடும்."

"சரிம்மா" என்றான். பஸ் பென்னலூர்ப் பக்கம் போய் மறைந்தது.

ரத்னாவுக்கு அவன் இன்னும் பாக்கி வைத்திருப்பது ஒரே ஒரு வரி: பதினேழைக் கீழே போட்டது நான், நீ அதைத் தொடவே இல்லை.